எல்லாத்தையும் நாமே செஞ்சா, அவர் எப்போ எழுந்திருப்பார்?

நர்ஸிங் என்றால் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் மட்டும்தானா? நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது!

பூதலூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குடும்பத் தலைவருக்கு அறுபத்தைந்து வயது. சம்பா நடவு முடிந்த கையோடு, ஒருநாள் காலையில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. தஞ்சாவூர் சுமார் 20 கிலோமீட்டர்தான். உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றாகி, இரண்டு வாரத்தில் டிஸ்சார்ஜும் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ராஜ உபசாரம்! மனைவி சோறு பிசைந்து ஊட்டுகிறார். மருமகள் பல் தேய்த்துவிடுகிறார். "நீங்க அசையாதீங்கப்பா... நாங்கதான் இருக்கோம்ல!" என்று மகன் தூக்கி உட்கார வைக்கிறார், தூக்கிப் படுக்க வைக்கிறார்.

மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரியவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. இடுப்புக்குக் கீழே புண். தோளைத் தொட்டால் வலியில் துடிக்கிறார். யாரிடமும் இரண்டு வார்த்தை பேசுவதில்லை.

இந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவா? கிடையாது. மருந்து மாத்திரைக்குக் குறைவா? அதுவும் இல்லை. குறைந்தது ஒன்றே ஒன்றுதான்... நர்ஸிங்!

"நர்ஸிங் என்ன பெரிய சாஸ்திரமா? பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதானே?" என்று கேட்காதீர்கள். அது ஒரு தனிப் படிப்பு. அதற்கென்று கொள்கைகள் உண்டு, விதிமுறைகள் உண்டு. அவற்றில் பாதியை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கடைப்பிடிக்க முடியும்.

காவிரிக்கும் நைட்டிங்கேலுக்கும் என்ன சம்பந்தம்?

கையில் விளக்கோடு வார்டு வார்டாக நடந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை (1820-1910) எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்த மே 12-ஆம் தேதியைத்தான் உலகம் முழுவதும் நர்ஸ்கள் தினமாகக் கொண்டாடுகிறோம். பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: பூதலூருக்கு மேற்கே இருக்கும் கல்லணையிலும் முக்கொம்பிலும் 1830-களில் பாசன வேலைகள் செய்த ஆர்தர் காட்டனோடு அவருக்குக் கடிதப் பழக்கம் இருந்தது. 'இந்தியாவில் பஞ்சம் தீர வாய்க்கால்கள் வேண்டும்' என்று இங்கிலாந்தில் இருந்தபடியே வாதாடியவர் அவர். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை!

ஒரு நர்ஸுக்கு வாய்க்கால் பற்றி என்ன கவலை? அவருடைய கொள்கையே அதுதான். நோயாளியைச் சுற்றி இருக்கும் காற்று, வெளிச்சம், தண்ணீர், சாப்பாடு, சுத்தம், அமைதி... இவற்றைச் சரிசெய்து கொடுத்தால், உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்றார். 1859-இல் நர்ஸிங் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற புத்தகம்கூட நர்ஸ்களுக்கான பாடநூல் அல்ல. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது!

அதில் அவர் கண்டித்த ஒரு விஷயம் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். அறைக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசுவது! நோயாளியின் காது முழுக்க அங்கேதான் இருக்கும். 'நம்மைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள்' என்று மனசு அடித்துக்கொள்ளும். பேச வேண்டியதை அவர் எதிரிலேயே, அவர் கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்து பேசுங்கள். பார்க்க வருகிறவர்கள் "ஒண்ணுமில்லண்ணே, அடுத்த வாரம் வயலுக்குப் போயிடுவீங்க!" என்று பொய்த் தெம்பு ஊட்டுவதும் நைட்டிங்கேலுக்குப் பிடிக்காத பழக்கம்தான்.

எது உதவி, எது உபத்திரவம்?

நர்ஸிங்கின் இலக்கணத்தைத் தெளிவாகச் சொன்னவர் விர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்ஸ். 1960-களில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பலமும் மன உறுதியும் விவரமும் இருந்தால் ஒரு நோயாளி தனக்குத் தானே என்னென்ன செய்துகொள்வாரோ, அவற்றில் அவரால் முடியாததை நர்ஸ் செய்துகொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவர் நம் தயவு இல்லாமல் இயங்கும் விதமாகச் செய்துகொடுக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். நம் பூதலூர் வீட்டில் கோட்டை விட்டது அங்கேதான்!

ஹெண்டர்சன் மனிதனுக்கு 14 அடிப்படைத் தேவைகளைப் பட்டியல் போட்டார். மூச்சு விடுவது, சாப்பிடுவது, கழிவு வெளியேறுவது, அசைவது, தூங்குவது என்று ஆரம்பித்து, சாமி கும்பிடுவது, தன்னால் ஆன வேலையைச் செய்வது, பொழுதுபோக்குவது, புதிதாகக் கற்றுக்கொள்வது வரை போகிறது அந்தப் பட்டியல். நாமோ முதல் நான்கைந்தைக் கவனித்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, உரம் என்ன விலை என்று பெரியவரிடம் யாராவது சொல்கிறார்களா? யோசனை கேட்கிறார்களா? அதுவும் வைத்தியம்தான்.

அடுத்து வந்தவர் டோரத்தி ஓரெம். 1971-இல் வெளிவந்த அவருடைய புத்தகம், நர்ஸின் உதவியை மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

முதல் படி: நோயாளியால் எதுவுமே முடியாத நிலை. எல்லாவற்றையும் நாம்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது படி: பாதி அவர், பாதி நாம்.

மூன்றாவது படி: அவரே செய்வார். நாம் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் நின்று, தைரியம் கொடுத்தால் போதும்.

நோயாளி ஒரு படி முன்னேறும்போது, உதவி செய்கிறவர் ஒரு படி பின்வாங்க வேண்டும். அவர் இரண்டாம் படிக்கு வந்த பிறகும் நாம் முதல் படி உபசாரத்தையே தொடர்ந்தால், வரவிருக்கும் பலமும் வராமல் போய்விடும். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்தப் பொன்னான காலத்தைப் பாசத்தாலேயே வீணடிக்கலாமா?

ஆஸ்பத்திரியில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

நம் மாநிலத்தில் நர்ஸிங் படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1871-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்ஸிங் பள்ளி ஆரம்பித்தார். 1946-இல் அங்கே பட்டப் படிப்பே வந்துவிட்டது. நர்ஸ்களைப் பதிவு செய்யச் சென்னை மாகாணம் 1926-இல் சட்டம் போட்டது. நாடு முழுமைக்கும் ஒரே தரம் வேண்டும் என்று 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது. 2023-இல் நாடாளுமன்றம் இந்தத் துறைக்கெனப் புதிய ஆணையச் சட்டத்தையும் நிறைவேற்றியது.

சட்டமும் படிப்பும் இருந்து நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? ஒரு நர்ஸ் மாத்திரை கொடுப்பதைக் கவனித்துப் பாருங்கள். சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா (வாய் வழியா, ஊசியா), சரியான நேரமா... இந்த ஐந்தையும் சரிபார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். "உங்க பேரென்ன?" என்று தினமும் கேட்டால், "தெரியாதா சிஸ்டர்?" என்று எரிச்சல் படாதீர்கள். அவர் தன் கடமையைச் செய்கிறார்!

போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. நிஜத்தில் நீங்கள் பார்த்த வார்டுகளில் அப்படியா இருந்தது? ஒரே நர்ஸ் நாற்பது கட்டிலுக்கு ஓடும்போது, நோயாளியைத் துடைப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதும் கூட இருக்கும் உறவினர் தலையில்தான் விழுகிறது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நாமே செய்கிறோம்.

அதனால், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின நாளே நர்ஸிடம் நேரம் கேளுங்கள். "சிஸ்டர், இவரை எப்படித் திருப்பிப் படுக்க வைக்கணும்? ஒருதரம் செஞ்சு காட்டுங்க. அப்புறம் நான் செய்யறேன், சரியான்னு பாருங்க" என்று கேளுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். கையால் செய்து பார்த்தது மறக்காது. எந்த மாத்திரை எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்பதையும் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு நர்ஸிங் நோட்டு

நர்ஸ்கள் வேலை செய்யும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. பார்ப்பது, பிரச்னை என்ன என்று தீர்மானிப்பது, திட்டம் போடுவது, செய்வது, பலன் கிடைத்ததா என்று மறுபடி பார்ப்பது. இதற்கு உங்களுக்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. சாப்பிட்ட அளவு, மாத்திரை, மலம், சிறுநீர், காய்ச்சல், புதிதாகச் செய்த ஒரு காரியம்... தேதி போட்டு எழுதுங்கள். 'இன்று தானே பல் தேய்த்தார்' என்ற ஒரு வரி, அடுத்த முறை டாக்டருக்கு ஆயிரம் விஷயம் சொல்லும்.

பக்கவாத நோயாளி உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியவை இவை:

கை கழுவுதல்: நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நர்ஸிங்கில் இதைவிட மலிவான, இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

சாப்பாடு: படுத்த நிலையில் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருக்கலாம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாயாக, பலமுள்ள பக்கத்தில் கொடுங்கள். தண்ணீர், ரசம் போன்ற நீர்த்தவைதான் அதிகம் புரையேறும். எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். கன்னத்தில் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படுக்கைப்புண்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டாலும் இது தேவைதான். தினமும் குளிப்பாட்டும்போது முதுகுத்தண்டின் அடி, இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை ஆகியவற்றைப் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் அது முதல் எச்சரிக்கை. நம் மாநிறத்தில் அது கருத்த திட்டாகவோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ தெரியலாம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதன்மேல் படுக்க வைக்காதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத்தில் உட்கார வைப்பதும் நல்லதல்ல. சுற்றியுள்ள சதையில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

விழுந்த கை: அந்தக் கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும். நம் கதையில் பெரியவர் துடித்தாரே, காரணம் இதுவாகத்தான் இருக்கும். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில். இந்தச் சூட்சுமம் தெரிந்தால் அவரே சட்டை போட்டுக்கொள்வார்!

நடை: பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு, பலமுள்ள கையில் தடியைக் கொடுங்கள். திண்ணைப் படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

சிறுநீர்க் குழாய்: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையில் படக் கூடாது.

இவற்றுக்கு நடுவே தினமும் ஒரு காரியத்தை அவரிடமே விடுங்கள். இந்த வாரம் முகம் கழுவுவது, அடுத்த வாரம் தலை சீவுவது. பத்து நிமிஷம் ஆகட்டுமே! தம்ளரைப் பிடிக்கத் தடுமாறும்போது உங்கள் கை தானாக நீளும். கொஞ்சம் பொறுங்கள். கீழே விழும் ஆபத்தோ புரையேறும் ஆபத்தோ இல்லாத வரைக்கும் தடுமாறட்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் மூளை மறந்த வழியை மறுபடி கற்றுக்கொள்கிறது.

'இடது கையால சாப்பிடறதா?'

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இது. வலது கை விழுந்த பெரியவரிடம் இடது கையால் சாப்பிடச் சொன்னால், "அதுக்குப் பட்டினியே கிடப்பேன்!" என்பார். பிடிவாதம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அது அவர் அறுபது வருஷமாகக் காத்த மரியாதை.

மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ், மானிடவியலும் படித்தவர். 1960-களில் நியூ கினித் தீவில் பழங்குடி மக்களிடையே தங்கி ஆராய்ந்தார். நோயாளியின் பழக்கவழக்கத்தை ஒதுக்கிவிட்டுச் செய்யும் பணிவிடை பலிக்காது என்பது அவர் கொள்கை. எதை அப்படியே காப்பாற்றலாம், எதில் சமரசம் செய்துகொள்ளலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று நோயாளியோடு கலந்து பேசச் சொன்னார்.

நம் பெரியவருக்கு இடது கையில் ஸ்பூனைக் கொடுங்கள். முதல் சில நாள் தனியாகச் சாப்பிடட்டும். ஊர்க்காரர் வரும் நேரத்தில் வேண்டாம். பலவீனமான வலது கை தட்டை அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். அவர் மரியாதைக்கும் பங்கம் இல்லை, கைக்கும் பயிற்சி!

மலஜலம் விஷயமும் அப்படித்தான். மருமகள் பெட்பேன் வைக்கும்போது கூசிப்போய், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அதனால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று தொல்லைகள் வரும். அந்த வேலையை மகன் எடுத்துக்கொள்ளட்டும். கதவைச் சாத்துங்கள், ஒரு துணியால் மூடுங்கள். நர்ஸிங் விதிமுறைகளில் நோயாளியின் மானத்தைக் காப்பதும் எழுதப்பட்ட கடமைதான்.

பார்த்துக்கொள்கிறவரை யார் பார்த்துக்கொள்வது?

பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் முதுகில்தான் எல்லாம் விழுகிறது. இரவில் நாலு தரம் எழுந்து, பகலில் சமையலும் பார்த்தால் அவர் உடம்பு என்னாகும்? ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஷிப்ட் உண்டு. வீட்டிலும் ஷிப்ட் போடுங்கள். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது அவர் வெளியே போய்வரட்டும்.

'ஹோம் நர்ஸ்' வைப்பதாக இருந்தால், தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்தவரா, பயிற்சி பெற்ற உதவியாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவியாளரும் தேவைதான். ஆனால் ஊசி போடுவது, குழாய் மாற்றுவது போன்றவற்றை அவரிடம் விடாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு, இயன்முறை சிகிச்சையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், இப்படிப்பட்ட உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்காமல் எதுவும் கிடைக்காது!

உடனே 108-ஐ அழையுங்கள்: மறுபடி வாய் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாகக் கை கால் தளர்தல், வலிப்பு, தாங்க முடியாத தலைவலி, மூச்சுத் திணறல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், காய்ச்சலோடு இருமல் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் "இப்போ நல்லாத்தானே இருக்கார்" என்று நீங்களாக நிறுத்தவே கூடாது.

நாளைக் காலையில் அவருக்குப் பல் தேய்த்துவிடப் போகும்போது, பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து அவருடைய நல்ல கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாள் சரியாக வராது. நுரை சட்டையெல்லாம் வழியும். துடைத்துக்கொள்ளலாம். பத்தாவது நாள் நோட்டில் எழுதுவதற்கு உங்களுக்கு ஒரு நல்ல வரி கிடைத்திருக்கும்!